பச்சிளங் குடலும் அபாய மணியும்

கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் நான். அரசர்கள் முடிசூடிய ஆண்டுகளையும் படைகள் மோதிய களங்களையும் பற்றிப் பேசிப் பழகியவன். இன்று ஒரு மில்லிலிட்டர் பாலின் வரலாற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தமக்கை மகளுக்கு, பேறுகாலம் நிறைவதற்குப் 11 வாரங்கள் முன்னதாகவே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1100 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அக்குழந்தையின் மூக்கு வழியே இரைப்பைக்குச் சென்ற மெல்லிய குழாயில், குறித்த நேரந்தோறும் ஒரு செவிலி வந்து ஒரு மில்லிலிட்டர் பால் விடுவார். முதற் சில நாட்கள் தாய்க்குக் கடுங்காய்ச்சல், பால் சுரக்கவில்லை, மாவுப்பாலே கொடுக்கப்பட்டது. பின்னர்த் தாய்ப்பாலும் வந்தது. பதினான்காம் நாள் காலையில் குழந்தையின் வயிறு உப்பியது. குழாய் வழியே பச்சை நிறத்தில் பித்தநீர் திரும்பி வந்தது. மலத்தில் இரத்தம் கண்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், பாலை உடனே நிறுத்தச் சொன்னார். நோயின் பெயர் 'நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ்' என்றார். குடற்சுவரின் திசுக்கள் மடிந்து அழுகிப்போகும் அழற்சி என்பது அதன் பொருள். அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் தமக்கை மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் கொடுத்த பால்தான் அவளைக் கெடுத்துவிட்டதா, மாமா?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றை ஆறுதலுக்காகச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. வீட்டிற்கு வந்து நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். ஒரு நோயைப் பற்றிப் படிக்கப் போனவன், ஈயையும் எலியையும் பற்றிப் படிக்கலானேன். விடை அங்கேதான் பிரிந்து கிடந்தது.

கதை 1885இல் ஜெர்மனியின் மூனிக் நகரில் தொடங்குகிறது. தியோடோர் எஷரிக் என்ற இளம் குழந்தை மருத்துவர், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து வந்தார். அக்காலத்துப் பெரியவர்கள் இதனை ஓர் அருவருப்பான வேலையாகக் கருதியிருக்கலாம். ஆனால் அந்த அருவருப்பிலிருந்து விஞ்ஞானத்திற்கு ஒரு செல்வம் கிடைத்தது. குழந்தை பிறந்ததும் முதலில் கழிக்கும் கரிய மலத்தில் நுண்ணுயிர்கள் வளரவில்லை. சில மணி நேரம் சென்றதும் அவை வந்து குடியேறிவிடுகின்றன என்பதை அவர் கண்டார். அப்படிக் குடியேறியவற்றுள் ஒன்று பிற்காலத்தில் அவர் பெயராலேயே 'எஷரிக்கியா கோலி' என வழங்கலாயிற்று. இன்று உலகின் எல்லா ஆராய்ச்சிக் கூடங்களிலும் வளர்க்கப்படுவது அதுவே. பின்னாளில் எஷரிக் வியன்னா நகரிற் பேராசிரியராக விளங்கினார். உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் அந்த வியன்னாவில்தான் தோன்றியது. குடலில் வாழும் நுண்ணுயிரும் தாய்ப்பாலும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் சந்தித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர்ப் பயன்படும்.

இதே காலத்தில் பெர்லினில், ராபர்ட் கோக்கின் கீழ்ப் பணிபுரிந்த ரிச்சர்டு பைஃபர் காலராக் கிருமியை ஆராய்ந்தார். 1892இல் அவர் ஒரு விந்தையைக் கண்டார். கிருமியைச் சூட்டினால் கொன்றுவிட்ட பிறகும், அந்தச் செத்த கிருமி கினிப்பன்றியின் உயிரைக் குடித்தது. நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று முடிவு செய்து, அதற்கு 'எண்டோடாக்சின்', அதாவது அகநஞ்சு, என்று பெயரிட்டார். கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு பொருள் அது என்பதும், எஷரிக்கியா போன்ற பல கிருமிகளின் மேலுறையில் அது பதிந்திருக்கிறது என்பதும் அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் தெளிவாயின.

'நஞ்சு' என்ற பெயர்தான் நெடுங்காலம் அனைவரையும் வழிதவறச் செய்தது. பாம்பின் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. அமிலம் தோலை எரிக்கிறது. அகநஞ்சோ இவை போலத் தானாக எதையும் எரிப்பதில்லை. நம் உடல் அதைக் கண்டதும் பெருங் கலவரம் செய்கிறது. அக்கலவரத்தில்தான் சேதம் விளைகிறது. லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவ எழுத்தாளர் 1970களில் இக்கருத்தை அழகாக விளக்கினார். நம் ஊர்களில் முன்பு தலையாரி என்ற காவலர் இருந்தார் அல்லவா? இரவில் அந்நியனைக் கண்டால் அவர் குரல் கொடுப்பார். ஊர் முழுவதும் தடியோடு திரண்டு வரும். திருடன் வைக்கோற்போரை மிதித்திருப்பான். அவனைத் துரத்தி வந்த ஊரார் தோட்டத்தையே அழித்திருப்பார்கள். அகநஞ்சு திருடனின் காலடித் தடம். தலையாரி யார் என்பதுதான் நூறாண்டுக் கேள்வியாக நின்றது.

அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்திவிட்டு, நியூயார்க் நகரத்துக் குழந்தை மருத்துவமனை ஒன்றிற்கு வாருங்கள்.

1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் ஷ்மிட், குவைசர் என்னும் இருவர், பச்சிளங் குழந்தைகளின் குடல் மடிந்துபோகும் கொடிய நோயை விவரித்து எழுதியிருந்தார்கள். 1965இல் நியூயார்க்கின் 'பேபீஸ்' மருத்துவமனையைச் சேர்ந்த மிஸ்ராஹி, பார்லோ, பெர்டன், பிளாங்க், சில்வர்மன் ஆகிய ஐவர், குறைமாதக் குழந்தைகளுக்கு நேரும் இந்நோயின் முழு உருவத்தையும் ஒரே கட்டுரையில் வரைந்து காட்டினர். உப்பிய வயிறு, பச்சை வாந்தி, குருதி கலந்த மலம், எக்ஸ்ரேயில் குடற்சுவருக்குள் தெரியும் காற்றுக் குமிழிகள் என்று அவர்கள் தந்த அடையாளங்களைத்தான் அரை நூற்றாண்டிற்குப் பிறகு எங்கள் மருத்துவரும் பார்த்தார்.

இந்நோய் ஏன் அக்காலத்தில் திடீரெனத் தலைதூக்கியது? வரலாற்று மாணவனுக்கு இது சுவையான வினா. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமையால் இரண்டு நாள்கூட வாழாமல் இறந்தான். உலகின் மிக வலிமை வாய்ந்த மனிதராலும் தம் குழந்தைக்கு மூச்சு வாங்கித் தர இயலவில்லை. அதற்கு முன்பே, 1960இல், யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் லூயிஸ் கிளக் பச்சிளங் குழந்தைகளுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தார். கென்னடியின் குழந்தை இறந்தபின் இத்துறையிற் பணமும் கவனமும் பாய்ந்தன. மூச்சுக் கருவிகள் வந்தன. நுரையீரலை விரிக்கும் மருந்தை 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா வெற்றியுடன் பயன்படுத்தினார். முன்பு முதல் நாளிலேயே மடிந்த குழந்தைகள் இரண்டாவது வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் காணத் தொடங்கினர். அந்த வாரங்களில்தான் குடல் நோய் காத்திருந்தது. நுரையீரலைக் கடந்து வந்தவர்களைக் குடல் மறித்தது. 1500 கிராமிற்கும் குறைந்த எடையோடு பிறப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரை இந்நோய் பற்றுகிறது என்பது பொதுவான கணக்கு. பற்றியவர்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் இறக்கின்றனர். பிழைப்பவர்களிற் சிலர் குடலின் பெரும் பகுதியை அறுவையில் இழந்து வாழவேண்டியவராகின்றனர்.

நியூயார்க் குழுவினர் நோயை விவரித்ததோடு நிற்கவில்லை. பார்லோ, சந்துல்லி முதலானோர் 1974இல் எலிக்குட்டிகளைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். பிறந்த குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, செயற்கைப் பால் ஊட்டி, இடையிடையே பிராணவாயுக் குறைவிற்கும் ஆளாக்கினால், குழந்தைகளின் நோயை ஒத்த நோய் அவற்றிற்கு வந்தது. அதே துன்பத்திற்கு ஆளாகியும் தாயெலியின் பாலைக் குடித்த குட்டிகள் தப்பித்தன. ஏன் தப்பித்தன என்பதற்கு அப்போது முழு விடை இல்லை. தப்பித்தன என்பது மட்டும் கண்கூடு.

அமெரிக்காவில் அக்காலத்தில் தாய்ப்பால் ஊட்டும் வழக்கம் அருகியிருந்தது. அளந்து கலக்கும் மாவுப்பாலே விஞ்ஞானத்திற்கு உகந்தது என்ற எண்ணம் படித்தவர்களிடையே மிகுந்திருந்தது. எலிகள் சொன்னதை மனிதக் குழந்தைகளிடம் பெரிய அளவில் சரிபார்க்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1990இல் ஆலன் லூகாஸ், கோல் என்னும் இரு ஆங்கிலேயர், குறைமாதத்தில் பிறந்த 926 குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்ட முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மாவுப்பாலை மட்டும் பெற்றவர்களுக்கு இந்நோய், தாய்ப்பாலை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாக வந்திருந்தது. இரண்டையும் கலந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டாலும் மூன்று மடங்கு மிகுதி. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! அக்கட்டுரை வெளிவந்த காலத்தில்தான், எய்ட்ஸ் நோய் பரவும் என்ற அச்சத்தினால் மேனாடுகளிற் பல தாய்ப்பால் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. அதற்கு ஓராண்டு முன்னர், 1989இல், நம் நாட்டிலே பம்பாயின் சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் திறந்திருந்தார். அவரது துணிவை நான் மதிக்கிறேன்.

இவ்வாறு நோயையும் பாலின் காவலையும் மருத்துவமனைகள் அறிந்துகொண்டன. இடையிலே நடப்பது என்ன என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரிவதற்கு, குழந்தைகளோடு சிறிதும் தொடர்பில்லாத மூன்று இடங்களுக்கு நாம் போக வேண்டும்.

முதலாவது, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென எலிகளை வளர்த்து அனுப்பும் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடம். அங்கு வளர்ந்த சி3எச்/எச்இஜே என்னும் எலி வகை, 1960களில் ஒரு வியப்பைத் தந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு அகநஞ்சைச் செலுத்தினாலும் இவ்வகை எலிகள் ஒன்றும் நேராததுபோல் ஓடித் திரிந்தன. அகநஞ்சின் திறத்தில் அவை செவிடு. நற்பேறு என்று நினைக்க வேண்டாம். சால்மொனெல்லா என்னும் உயிருள்ள கிருமியைச் செலுத்தியபோது, மற்ற எலிகளைவிட இவையே எளிதில் மாண்டன. தலையாரி செவிடானால் ஊர் அமைதியாகத்தான் இருக்கும், கொள்ளை போகும் வரையில். எந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது என்பதை மட்டும் முப்பது ஆண்டுகளாக எவராலும் கண்டுபிடிக்க இயலவில்லை.

இரண்டாவது இடம் ஜெர்மனியின் டியூபிங்கன். அங்கே கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டு என்னும் அம்மையார், பழ ஈயின் கரு எவ்வாறு முதுகென்றும் வயிறென்றும் பிரிகிறது என ஆராய்ந்தார். ஒரு மரபணு கெட்டால் ஈயின் கரு வயிறே இல்லாமல் முழுவதும் முதுகாக வளர்ந்தது. 'டோல்' என்று அம்மரபணுவிற்குப் பெயரிட்டார்கள். ஜெர்மன் மொழியிலே 'அடடா, அருமை!' என்று வியக்கும்போது வரும் சொல் அது. 1985இல் இது பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. ஈயின் வயிற்றைப் பற்றிய இந்த ஆராய்ச்சி எதற்குப் பயன்படும் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், அவரைக் குறை கூற இயலாது.

1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ழூல் ஹாஃப்மன், லெமேத்ர் முதலியோர், டோல் பழுதான ஈக்களைப் பூஞ்சைக்கு ஆளாக்கினர். ஈக்கள் மாண்டன, அவற்றின் உடல்மீது பூஞ்சை மயிர்போல் முளைத்தெழுந்தது. கருவில் உடலை வகுத்த அதே மரபணு, வளர்ந்த ஈயில் காவலும் புரிகிறது! ஒரே பொருளுக்கு இரு வேலைகள் என்னும் இச்செய்தியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் குடலில் நாம் மீண்டும் சந்திக்கப்போவது இதனையே.

மூன்றாவது இடம் யேல் பல்கலைக்கழகம். அங்கே சார்லஸ் ஜேன்வே 1989இல் ஒரு கருத்துரையை எழுதினார். நுண்ணுயிர்களுக்கே உரிய பொது அடையாளங்களை அறிந்துகொள்ளும் ஏற்பிகள் நம் உடலிற் பிறவியிலேயே இருக்கவேண்டும் என்பது அவரது ஊகம். சான்று எதுவும் கையில் இல்லாமல், தருக்கத்தின் வலிமையால் மட்டும் சொன்னார். மாஸ்கோவில் மாணவராக இருந்த ருஸ்லான் மெட்சிட்டோவ் அக்கட்டுரையைப் படித்து, ஜேன்வேயைத் தேடிக் கடல் கடந்து சென்றார். 1997இல் அவ்விருவரும், ஈயின் டோலுக்கு உறவான ஏற்பி மனிதனிடமும் உண்டு என்று காட்டினர். அடுத்த ஆண்டே டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், செவிட்டு எலிகளின் பழுதுபட்ட மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது வேறொன்றுமன்று, மெட்சிட்டோவ் காட்டிய அதே ஏற்பி. 'டோல் போன்ற ஏற்பி 4', சுருக்கமாக டி.எல்.ஆர். 4. அதன் புரதச் சங்கிலியில் 712ஆவது இடத்தில் இருக்கவேண்டிய புரோலின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாக ஹிஸ்டிடின் உட்கார்ந்திருந்தது. இந்த ஓரெழுத்துப் பிழைதான் தலையாரியைச் செவிடாக்கியிருந்தது.

2011இல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஜேன்வே 2003லேயே காலமாகிவிட்டார். மெட்சிட்டோவின் பெயர் பட்டியலில் இல்லை. பரிசுப் பட்டியலை வரலாறு என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக இதனைச் சொல்கிறேன்.

இந்த ஏற்பி குரல் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஏற்பி உயிரணுவின் மேற்சவ்வில் பதிந்திருக்கிறது. வெளிப்புறத்தில் அகநஞ்சு வந்து பொருந்தியதும், உட்புறத்திலுள்ள அதன் வால், மைடி88 என்ற தூதுப் புரதத்தைப் பற்றுகிறது. அது அடுத்த தூதனைத் தட்டுகிறது, அவன் அதற்கடுத்தவனை. இறுதியில், உயிரணுச் சாற்றில் கட்டிப்போடப்பட்டிருக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் கட்டவிழ்ந்து, கருவிற்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களின் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. சென் என்னும் இந்திய விஞ்ஞானியும் டேவிட் பால்டிமோரும் 1986இல் கண்டறிந்த புரதம் அது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 8 போன்ற அழைப்புப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. ஊர் திரண்டுவிட்டது.

இனி மருத்துவமனைக்குத் திரும்புவோம். 2006இலும் 2007இலும் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே ஒரே வினாவை எழுப்பினர். பார்லோ செய்த சோதனையை அந்தச் செவிட்டு எலிக்குட்டிகளிடம் செய்து பார்த்தால் என்ன? ஜில்லிங், காப்லன் முதலியோர் ஒரு குழு. பிட்ஸ்பர்க் நகரில் டேவிட் ஹேக்கம் என்ற குழந்தை அறுவை மருத்துவரின் கீழ்ப் பணிசெய்த லீபார்ட் முதலியோர் மற்றொரு குழு. செயற்கைப் பால் உண்டும், பிராணவாயு குறைந்தும், செவிட்டு எலிக்குட்டிகள் நோயிலிருந்து பெரும்பாலும் தப்பித்தன. கிருமி இருந்தது, பாலும் இருந்தது, மணியோசை மட்டும் கேட்கவில்லை, குடல் பிழைத்தது. 1892இன் அகநஞ்சும், 1960களின் எலியும், 1965இன் நோயும் நூறாண்டிற்குப் பின் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன.

அப்படியானால், நிறைமாதக் குழந்தையின் குடலிலும் கிருமிகள் குடியேறுகின்றனவே, அங்கே ஏன் இந்தக் கலவரம் இல்லை? 2000இல் பாஸ்டனில் ஆலன் வாக்கர் குழுவினர், முதிராத மனிதக் குடலின் உயிரணுக்கள் அகநஞ்சைக் கண்டதும் முதிர்ந்த குடலைவிட அளவுக்கு மிஞ்சி இன்டர்லூக்கின் 8ஐச் சுரப்பதைக் காட்டியிருந்தனர். ஹேக்கம் குழுவினர் அதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கருப்பையில் வளரும் குடலில் டி.எல்.ஆர். 4 மிகுந்திருக்கிறது, அங்கு அதன் வேலை காவல் அன்று, கட்டுமானம். குடலின் உட்படலத்தில் எந்த உயிரணு எதுவாக வளரவேண்டும் என்று வகுப்பதில் அதற்குப் பங்குண்டு. ஈயின் முதுகையும் வயிற்றையும் வகுத்த டோலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரிலுள்ள வளர்ச்சிப் பொருள்கள் அதன் குரலை அடக்கி வைக்கின்றன என்றும் 2012இல் அவர்கள் காட்டினர். மாதம் நிறைந்து பிறக்கும்போது அந்த ஏற்பி தணிந்துவிடுகிறது. ஜெர்மனியில் லோட்ஸ், ஹோர்னெஃப் முதலியோர் 2006இல் எலிகளிடம் கண்டது இன்னும் வியப்பானது. இயல்பாகப் பிறந்த குட்டியின் குடற்படலம், பிறந்த சிறிது நேரத்திலேயே அகநஞ்சைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. அறுவையால் எடுக்கப்பட்ட குட்டிகள் அவ்வாறு கற்கவில்லை. பிறப்பின் வாசலிலேயே முதற் பாடம் நடந்துவிடுகிறது!

குறைமாதக் குழந்தையோ கட்டுமானம் முடியாத வீட்டோடு வெளியே வந்துவிடுகிறது. சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்குள் குடியிருப்பவர்கள் நுழைந்துவிட்டார்கள். கட்டுவதற்கென இருந்த ஏற்பி, கிருமியைக் கண்டு கூக்குரலிடுகிறது. படலத்து உயிரணுக்கள் மடிகின்றன; மடிந்த இடத்தைப் புதிய உயிரணுக்கள் நகர்ந்து வந்து மூடுவதும் தடைப்படுகிறது. அந்த ஓட்டை வழியே நுழையும் கிருமி, இரத்தக் குழாய்களின் உட்சுவரிலுள்ள அதே ஏற்பியையும் தட்டுகிறது. அங்கே குழாயை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. குடலுக்கு இரத்தம் போவது சுருங்குகிறது என்று 2013இல் வெளியிட்டனர். குடல் ஏன் மடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இது பெரும்பாலும் எலிகளிடமிருந்து பெற்ற சித்திரம். ஒவ்வொரு குழந்தையிடமும் நோய் இதே வழியில்தான் நடந்தது என்று அடித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

"மணிதானே குற்றவாளி, அறுத்தெறிந்தால் என்ன?" என்று மாணவர்களிற் சிலர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். 2004இல் மெட்சிட்டோவின் கூடத்திலிருந்து ராக்கோஃப்-நஹூம் முதலியோர் வெளியிட்ட கட்டுரை என் அவசரத்தைத் தணித்தது. மைடி88 என்ற தூதுப் புரதமே இல்லாத எலிகளின் குடலை ஒரு வேதிப்பொருளால் புண்படுத்தினார்கள். மணி அடிக்காத அந்த எலிகள், மற்றவற்றைவிட மோசமாக மாண்டன. நல்ல காலத்தில் குடலில் வாழும் கிருமிகளின் மெல்லிய அறிவிப்பைக் கேட்டுத்தான் குடல் தன் புண்ணை ஆற்றிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு வரும் குரோன் நோயிலும் இத்தகைய புதிரே உண்டு. 1932இல் நியூயார்க்கில் விவரிக்கப்பட்ட அந்தக் குடல் அழற்சிக்கு ஆளாகிறவர்கள் பலரிடம், கிருமியின் உறைத் துணுக்கை அறியும் நாட்2 என்னும் ஏற்பி பழுதுபட்டிருப்பதை 2001இல் இரு குழுக்கள் கண்டன. அங்கே தலையாரியின் செவி மந்தம், அதனாலேயே நோய். டி.எல்.ஆர். 4ஐ அடைக்கும் எரிடோரான் என்ற மருந்தைக் கடும் கிருமித் தொற்றால் வாடிய பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெருஞ்சோதனையும் 2013இல் தோல்வி என்று வெளிவந்தது.

மணியை நிறுத்தும் கை ஒன்றும் வேண்டும். இன்டர்லூக்கின் 10 என்பது அத்தகைய கை; அழற்சியை அடக்கும் அறிவிப்பு. அது இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி தானே வருவதை 1993இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டிருந்தனர். பிறந்த முதலாண்டிலேயே கொடிய குடல் அழற்சிக்கு ஆளான சில குழந்தைகளுக்கு, அந்த அறிவிப்பைக் கேட்கும் ஏற்பியிலேயே மரபுப் பழுது இருப்பதை 2009இல் கிறிஸ்டோஃப் கிளைன் குழுவினர் கண்டறிந்தனர். அவர்களுள் ஒரு குழந்தைக்கு வேறொருவரின் குருதி மூல உயிரணுக்களை மாற்றி வைத்தனர், நோய் தணிந்தது. குறைமாதக் குழந்தையின் நோய் வேறு, இது வேறு. ஆனால் இரண்டிலும் தடுமாறுவது ஒரே சமன்பாடு.

இப்போது பாலுக்கு வருகிறேன். தாய்ப்பால் மணியை அறுப்பதில்லை. அளவோடு அடிக்கச் செய்கிறது. அதிலுள்ள ஒரு வளர்ச்சிப் பொருள், பனிக்குட நீர் செய்த அதே வேலையைத் தொடர்ந்து, டி.எல்.ஆர். 4இன் குரலைத் தாழ்த்துவதை எலிகளிடம் கண்டுள்ளனர். குழந்தையாற் செரிக்க முடியாத சில நுண் சர்க்கரைகளும் தாய்ப்பாலில் உண்டு. செரிக்க முடியாததை இயற்கை ஏன் பாலில் வைத்தது என்று நெடுநாள் வியந்தார்கள். அவற்றுள் ஒன்று எலிக்குட்டிகளை இந்நோயிலிருந்து காத்ததாக 2012இல் லார்ஸ் போடே குழுவினர் எழுதினர். 2019இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னொன்றைச் சொன்னது. தாய்ப்பாலிலுள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குழந்தையின் குடற்கிருமிகளின்மேல் போர்வைபோல் படிகிறது. நோய் வரவிருக்கும் குழந்தைகளிடம், போர்வை படியாத ஒரு கிருமிக் குடும்பம் முன்கூட்டியே பெருகுகிறது. அந்தக் குடும்பம் எஷரிக் தம் நுண்ணோக்கியிற் கண்ட கிருமியின் குடும்பமே.

நல்ல கிருமிகளை மருந்துபோல் ஊட்டும் முயற்சியும் நடக்கிறது. சில சோதனைகள் நம்பிக்கை தந்தன. பிரிட்டனில் 1300 குழந்தைகளுக்கு மேல் ஈடுபட்ட ஒரு சோதனை 2016இல் பயனில்லை என்றது. அத்தகைய பொருளில் இருந்த கிருமியே இரத்தத்திற் புகுந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததால், 2023இல் அமெரிக்க அரசு மருத்துவர்களை எச்சரித்தது.

நேயர்களே, இவற்றையெல்லாம் நான் படித்து முடிப்பதற்குள் எங்கள் குழந்தைக்குப் பத்து நாட்கள் பால் நிறுத்தப்பட்டு, நரம்பு வழியே உணவும் கிருமிக்கொல்லி மருந்தும் செலுத்தப்பட்டன. ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். அறுவை வேண்டியிருக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் நான் என் தமக்கை மகளிடம் சென்று, அவள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை சொன்னேன். ஒரு தனிக் குழந்தையிடம் இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்ட எந்த மருத்துவராலும் இயலாது. ஆனால் தாயின் பால் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை 926 குழந்தைகள் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். முதல் நாட்களின் மாவுப்பாலைப் பற்றி அவள் மீண்டும் கேட்டாள். காய்ச்சலில் கிடந்தவள் எப்படிப் பால் கொடுத்திருக்க முடியும் என்று மட்டும் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து பால் எடுக்கும் அறைக்குப் போனாள்.

அன்று பிற்பகல் செவிலி குழாயில் மீண்டும் பால் விட்டார். ஊசிக்குழலைத் தூக்கிப் பிடித்து அளவைக் காட்டி, "ஒரு மில்லிதான், ஐயா. நாளைக்கும் வயிறு உப்பாமல் இருந்தால் இரண்டு" என்றார்.